நிப்பாட்டு அண்ணன் பார்த்த சண்டைகள்

சிங்கப்பூருக்கு வந்த எல்லாக் குங்ஃபூ படங்களையும் பார்த்தவர், ஆனால் ஒன்றைக்கூட முடிவு வரை பார்க்காதவர் என்று எனக்குத் தெரிந்து ஒரே ஒரு மனிதர்தான் உண்டு. அவர் நிப்பாட்டு அண்ணன். ஒன்றரை மணி நேரப் படத்தை ஒன்றரை மாதம் பார்ப்பார். வில்லன் செத்தானா, கதாநாயகன் குருவுக்காகப் பழிவாங்கினானா, அந்தப் பெண்ணுக்குக் கல்யாணம் ஆனதா என்பதெல்லாம் அவருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள ஆசைப்பட்டதும் இல்லை. ஆனால் தேநீர்க்கடைச் சண்டையில் மாடிப்படியிலிருந்து உருண்டு வந்த நாலாவது ஆள் எந்தத் தோளை முதலில் தரையில் வைத்தான் என்று கேளுங்கள், தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சரியாகச் சொல்வார்.

அவருக்குச் சொந்தமாக நல்ல பெயர் ஒன்று உண்டு. வருகைப் பட்டியலில் நானே அதை மாதாமாதம் தட்டியிருக்கிறேன். ஆனால் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் எங்கள் கம்பெனியில் அவர் உட்பட யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள்.

எங்கள் கம்பெனி என்றால் ஏதோ கண்ணாடி மாளிகை என்று நினைத்துவிடாதீர்கள். ஜாலான் புசாரில் திருகாணியும் குழாயும் விற்கும் கடைக்கு மேலே, கால் வைத்தால் முனகும் மரப்படிகள் கொண்ட பழைய கடைவீட்டின் மாடி. அங்கே எனக்குக் கோப்புகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை. நிப்பாட்டு அண்ணன் சேஃப்டி கோஆர்டினேட்டர். கட்டட வேலை நடக்கும் இடத்தில் யாரும் கீழே விழாமல், யார் தலையிலும் எதுவும் விழாமல் பார்த்துக்கொள்ளும் உத்தியோகம். ஆபத்து என்று பட்டால் கிரேனையே நிறுத்த அவருக்கு அதிகாரம் உண்டு. ஐம்பத்தாறு வயது, ஐந்தடி மூன்று அங்குலம், சட்டைப் பொத்தான்களோடு ஓயாத தகராறில் இருக்கும் தொப்பை. அந்த உடம்பிலிருந்து "நிப்பாட்டு!" என்று ஒரு குரல் கிளம்பினால், ஏழாவது மாடியில் சுவர் பூசுகிறவர் கரண்டியை அந்தரத்தில் பிடித்தபடி சிலையாவார். பெயர் அப்படித்தான் வந்தது.

நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வாரம் அவருடைய கோப்புகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். விபத்து அறிக்கைப் படிவம் ஒன்று கையில் சிக்கியது. அழகான கையெழுத்து. "இடம்: இரண்டு தளமுள்ள கட்டடம், உள்பக்க மாடிப்படி. காயமடைந்தவர்கள்: பதினான்கு பேர். அதில் மாடியிலிருந்து விழுந்தவர்கள்: ஐந்து."

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஈசூனில் எங்கள் கம்பெனி அப்போது ஏழு மாடிக் கட்டடம் ஒன்றைக் கட்டிக்கொண்டிருந்தது. அங்கிருந்த மேனேஜருக்குப் போன் போட்டு, பதினான்கு பேருக்கு அடிபட்டுவிட்டதாமே என்று அழாத குறையாகச் சொன்னேன். அவர் அலறியடித்துக்கொண்டு எல்லா வேலையையும் நிறுத்தினார். அறுபது பேரையும் வெயிலில் நிற்கவைத்து இரண்டு முறை எண்ணினார். அறுபது பேரும் முழுசாக இருந்தார்கள். கடைசியில் நிப்பாட்டு அண்ணனே லைனில் வந்தார்.

"பானும்மா, அது போன வாரம் பார்த்த படம்மா."

"படமா?"

"ஆமா. கை பழகட்டும்னு எழுதிப் பார்த்தேன். அது இருக்கட்டும், காரணம்னு போட்டிருக்கேனே, அது கரெக்டா?"

படிவத்தை மறுபடியும் பார்த்தேன். "காரணம்: மாடிப்படியில் எண்ணெய்ச் சாடி வைக்கப்பட்டிருந்தது. கைப்பிடி உயரம் போதாது. மீண்டும் நடக்காமல் இருக்க: சாடியை அகற்றவும். கதாநாயகனுக்கு எழுத்து மூலம் எச்சரிக்கை கொடுக்கவும்."

அந்த மனிதரோடு எப்படிக் காலம் ஓட்டப்போகிறேனோ என்று கவலைப்பட்டேன். எட்டு வருடம் ஓடியது.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன், எனக்குச் சண்டைப் படம் என்றாலே ஆகாது. இரண்டு ஆண்பிள்ளைகள் அடித்துக்கொள்வதைப் பார்க்க டிக்கெட் வேறு எடுப்பானேன்? எங்கள் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே வண்டி நிறுத்துமிடத்துக்குப் போனால் சும்மாவே பார்க்கலாம். ஆனால் மத்தியானம் சிராங்கூன் ரோட்டிலிருந்து சாப்பாட்டுப் பொட்டலம் வாங்கிவந்து மேசையில் பிரிக்கும்போது, எதிரே அவர் தன்னுடைய கீறல் விழுந்த டேப்லட்டைச் சாய்த்து வைத்துக்கொண்டு ஒரே உதையைப் பதினேழு தடவை ஓட்டினால் எத்தனை நாள்தான் பார்க்காமல் இருப்பது? சத்தத்தை அணைத்துவிட்டுத்தான் பார்ப்பார். "சத்தமெல்லாம் அப்புறம் சேர்க்கிறதும்மா. அது நம்மள ஏமாத்தும்" என்பார்.

ஒரு நாள் பொறுக்கமுடியாமல் கேட்டுவிட்டேன்.

"ஏண்ணே, பத்துப் பேர் சுத்தி நிக்கிறானுங்க. பத்துப் பேரும் சேர்ந்து பாய்ஞ்சா ஒரே நிமிஷத்துல முடிஞ்சிடும். எதுக்கு ஒவ்வொருத்தனா போய் வாங்கிக் கட்டிக்கிறான்?"

அவர் கையிலிருந்த அப்பளத்தைக் கீழே வைத்தார். "ரொம்ப நல்ல கேள்வி. இப்படி வந்து உட்காரு."

உட்கார்ந்ததுதான் நான் செய்த தப்பு. ஒரு மஞ்சள் ஒட்டுத்தாளைக் கிழித்து, திரையில் கதாநாயகன்மேல் ஒட்டினார். படத்தை மெதுவாக நகர்த்தினார். கதாநாயகன் எந்தப் பக்கம் தாவுகிறானோ அந்தப் பக்கமெல்லாம் ஒட்டுத்தாளையும் விரலால் தள்ளிக்கொண்டே போனார். கதாநாயகன் போய்விட்டான். மிச்சம் பத்துப் பேர், ஒரு மஞ்சள் சதுரத்தைச் சுற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"இப்ப சொல்லு. இதுல சும்மா நிக்கிறவன் யாரு?"

பார்த்தேன். யாருமே சும்மா நிற்கவில்லை. ஒருவன் பின்வாங்குவதுபோல நகர்ந்து பின்னால் வருகிறவனுக்கு வழி விட்டான். இருவர் வேண்டுமென்றே மோதிக்கொண்டு ஒரு நொடி தாமதித்தார்கள், அந்த நொடியில் மூன்றாவது ஆள் விழுந்து எழுந்தான். தெருக்கூட்டம் மாதிரி தெரிந்த இடத்தில் ஒரு பெரிய சமையல்கட்டின் ஒழுங்கு இருந்தது.

"இது ஒண்ணுமில்ல. இதப் பாரு" என்று ஓரத்தில் நின்ற ஒருவனைக் காட்டினார். முகத்தில் தழும்பு, கையில் கோடரி, வாய் கிழியக் கத்திக்கொண்டிருந்தான். "முகத்த விடு. எடது காலைப் பாரு."

சற்று முன் உடைந்த பெஞ்சின் பலகை ஒன்று தரையில் கிடந்தது. கோடரிக்காரன் கத்தியபடியே, கண்ணை அங்கே திருப்பாமலே, அந்தப் பலகையை இடது காலால் மெல்ல ஓரமாகத் தள்ளினான். அடுத்த நொடி இன்னொருவன் பறந்து வந்து அதே இடத்தில் முதுகு தரையில் பட விழுந்தான்.

நானே விரலை நீட்டி, படத்தைப் பின்னால் தள்ளி மறுபடியும் பார்த்தேன்.

"எத்தனை தடவை பார்த்து இதைக் கண்டுபிடிச்சீங்க?"

"பொங்கல்லேர்ந்து பார்க்கிறேன். முகத்தைப் பார்த்தா கொலைகாரன். காலைப் பார்த்தா தாய். இந்த மொத்தப் படத்துக்கும் இவன்தான்மா சேஃப்டி."

அன்று ரயிலில் ஈசூனில் இருக்கும் என் வீட்டுக்குப் போய்ச் சேரும்வரை அந்தக் காலையே நினைத்துக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகு மத்தியானங்களில் நானே என் நாற்காலியை இழுத்துக்கொண்டு அவர் பக்கம் போக ஆரம்பித்தேன். என் வீட்டுக்காரருக்கு இது இன்றுவரை தெரியாது.

அவருக்கென்று சில கொள்கைகள் உண்டு. ஆட்களைத் தலை முதல் கால் வரை முழுசாகக் காட்டுகிற சண்டைதான் சண்டை. ஒரு கையைக் காட்டு, வெட்டு, ஒரு மூக்கைக் காட்டு, வெட்டு என்று ஓடுகிற புதுப் படங்கள் அவருக்குப் பிடிக்காது. "சைட்டுல யாராவது தார்ப்பாய் போட்டு ஒரு இடத்த மூடி வச்சா எனக்கு என்ன சந்தேகம் வருமோ, அதே சந்தேகம் இதுலயும் வருது" என்பார். அடிக்கிறவனை அவர் பார்ப்பதே இல்லை. வாங்குகிறவனைத்தான் பார்ப்பார். முஷ்டிக்கும் கன்னத்துக்கும் நடுவில் நாலு அங்குலம் காலி இடம் இருக்கிறது, அந்தக் காலி இடத்தை அடியாக மாற்றுகிறவன் கழுத்தைத் திருப்புகிற அந்த ஆள்தான் என்பது அவர் வாதம்.

அடி விழுந்ததும் சட்டையிலிருந்து புழுதி கிளம்புகிறதே, அது எப்படி என்று இரண்டு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டார். கடைசியில் தன்னுடைய ஆரஞ்சு மேற்சட்டைக்குள் அரை டப்பா முகப்பவுடரைக் கொட்டிக்கொண்டு, கணக்கு பார்க்கும் லிம் அங்கிளைக் கூப்பிட்டு நெஞ்சில் தட்டச் சொன்னார். புழுதி பிரமாதமாகக் கிளம்பியது. லிம் அங்கிள் சாயங்காலம் வரை தும்மினார். அன்றைக்கு ஆபீஸ் முழுக்க மல்லிகை வாசனை.

வீட்டில் எப்படி இவரோடு குப்பை கொட்டுகிறார்கள் என்று எனக்குச் சந்தேகம். அந்தத் தீபாவளிக்கு அண்ணி முறுக்கு டப்பாவோடு ஆபீஸுக்கு வந்தபோது மெல்லக் கேட்டேன்.

"ஒரே ஒரு தடவை தியேட்டருக்குப் போனோம்மா. அதோட சரி" என்றார் அண்ணி. "படத்துல ஒருத்தன் மூங்கில் ஏணில ஏறறான். கீழ யாரும் பிடிக்கல. இவரு எழுந்து நின்னு, நிப்பாட்டுன்னு ஒரு கத்து கத்தினாரு பாரு. படம் ஓட்டறவன் நெசமாவே நிப்பாட்டிட்டான். லைட்டப் போட்டுட்டான். தீ பிடிச்சிருச்சோன்னு சனங்க எழுந்து வெளிய போக ஆரம்பிச்சுருச்சு."

"நீங்க என்ன பண்ணீங்க?"

"நான் எங்க இருந்தேன், சீட்டுக்கு அடியில போயிட்டேன். இவரு கதவுகிட்ட நின்னுக்கிட்டு, தள்ளாதீங்க, ஓடாதீங்க, வெளிய போய் வரிசையா நில்லுங்கன்னு எல்லாரையும் அனுப்பி வைக்கிறாரு!"

அண்ணன் முறுக்கைக் கடித்துக்கொண்டே, "நாலு நிமிஷத்துல ஹால் காலி. ரொம்ப நல்லா பண்ணாங்க லா" என்று எங்கள் சிங்கப்பூர் "லா"வையும் சேர்த்துச் சொன்னார்.

இந்த மனிதரைக் காலையில் ஈசூன் சைட்டில் பார்க்கவேண்டும். வேலை தொடங்குமுன் ஆட்களை எல்லாம் நிறுத்தி, இன்று எங்கே பள்ளம், எங்கே கம்பி, யார் எங்கே கவனமாக இருக்கவேண்டும் என்று சொல்லும் கூட்டம் ஒன்று உண்டு. டூல்பாக்ஸ் மீட்டிங் என்பார்கள். தஞ்சாவூர்க்காரர், ராமநாதபுரத்துக்காரர், பங்களாதேஷ்காரர், சீன போர்மேன் என்று அறுபது பேர். பெல்ட் போடு, ஹெல்மெட் போடு என்று நாலு மொழியில் சொல்வார்கள். அறுபது பேரும் நாலு மொழியிலும் கொட்டாவி விடுவார்கள்.

நிப்பாட்டு அண்ணன் அங்கே டேப்லட்டைக் கொண்டுபோனார். ஒரே ஒரு நிமிடச் சண்டை. ஓட்டிவிட்டு, "தப்பு எத்தனை?" என்று கேட்டார். அவ்வளவுதான். பாலர் பள்ளிப் பிள்ளைகள் மாதிரி அறுபது கைகள் எழுந்தன.

"அண்ணே, கண்ணாடி உடைஞ்ச எடத்துல வெறுங்கால்ல நடக்குறான்!"

"அண்ணே, கீழ ஆளு நிக்கையில மேலேர்ந்து கூரை ஓட்டைப் பிடுங்கி எறியிறான்!"

மன்னார்குடிப் பக்கத்து மாரிமுத்து, கம்பி கட்டுகிறவர், கதவை மறைக்கிற உடம்பு, அதுவரை ஒரு கூட்டத்திலும் வாய் திறந்ததில்லை. அவரும் கூச்சத்தோடு கை தூக்கினார். "ஏணில ஏறும்போது ரெண்டு கையிலயும் கத்தி வச்சிருக்காப்லண்ணே. ஒரு கையாவது ஏணியப் பிடிக்கணும்ல?"

அண்ணனுக்குப் பெருமை தாங்கவில்லை. அந்த மாதத்திலிருந்து ஏழே முக்கால் கூட்டத்துக்கு ஏழரைக்கே ஆட்கள் இடம்பிடித்து நின்றார்கள். ஏணியில் ஏறுகிற ஒவ்வொருவருக்கும் கீழே பிடித்துக்கொள்ள ஒரு ஆள் தானாக வந்து நின்றதை நானே கண்ணால் பார்த்தேன்.

அப்புறம் வந்தது வினை. எங்களுக்கு வேலை கொடுத்த பெரிய கம்பெனியிலிருந்து ஒருவர் காலையில் அந்த வழியாகப் போனார். அறுபது தொழிலாளர்கள் குங்ஃபூ சண்டை பார்த்துக் கைதட்டிக்கொண்டிருந்ததைப் படமெடுத்து, இதுதான் உங்கள் பாதுகாப்புக் கூட்டமா என்று மின்னஞ்சல் அனுப்பிவிட்டார்.

எங்கள் முதலாளி மிஸ்டர் டான் அதிகம் பேசமாட்டார். என்னைக் கூப்பிட்டு இங்கிலீஷில் நாலே வாக்கியம் சொன்னார். இனிமேல் படம் கூடாது. இரண்டு வாரம் கழித்து வெள்ளிக்கிழமை அவரே வந்து கூட்டத்தைப் பார்ப்பார். சரியில்லை என்றால் நிப்பாட்டு அண்ணனை ஸ்டோருக்கு மாற்றிவிடுவார். அதற்கான கடிதத்தை இப்போதே தட்டி வைக்கவேண்டும், பிடிக்காவிட்டால் அன்றே கையெழுத்து.

முதல் இரண்டும் அண்ணனுக்குச் சொல்லப்பட்டன. ஸ்டோர் விஷயம் எனக்கு மட்டும்தான் தெரியும். எங்கள் ஸ்டோர் ஒரு தகரக் கொட்டகை. உள்ளே சிமெண்ட் மூட்டைகள், பெயிண்ட் டின்கள், சாம்பல் நிறப் பூனை ஒன்று. அங்கே விழுவதற்கு ஆளே கிடையாது. தினமும் அறுபது பேரின் கால்களைப் பார்த்துப் பழகிய மனிதர் அங்கே போனால் ஆறு மாதத்தில் பாதியாகிவிடுவார் என்று எனக்குத் தோன்றியது. கடிதத்தைத் தட்டினேன். அவரிடம் சொல்லிவிடலாம் என்று ஐந்து தடவை அவர் மேசைவரை போனேன். ஐந்து தடவையும் ஸ்டேப்ளர் கேட்டு வாங்கிக்கொண்டு திரும்பினேன். ஐந்தாவது தடவை அவர் என்னை ஒரு மாதிரி பார்த்து, "அது உன்கிட்டதானேம்மா இருக்கு" என்றார்.

அவர் என்னவோ உற்சாகமாகத்தான் இருந்தார். "படம்தான் கூடாதுன்னாங்க. சண்டை கூடாதுன்னு யாரும் சொல்லலையே?"

"அண்ணே!"

"அறுபது பேரு முன்னாடி ரெண்டு பேரு சண்டை போடப் போறோம். ஒருத்தன் மேலயும் அடி படாது. ஏன் படல? அடுத்து நான் என்ன செய்யப்போறேன்னு அவனுக்குத் தெரியும், அவன் என்ன செய்யப்போறான்னு எனக்குத் தெரியும். வேலையும் அப்படித்தான் செய்யணும்னு சொல்லப்போறேன். எப்படி?"

அடிக்கிறவர் மாரிமுத்து. விழுகிறவர் அண்ணன். எண்ணுகிறவள் நான். வீடு ஈசூனிலேயே இருப்பதால் சாயங்காலம் வேலை முடிந்ததும் சைட்டுக்குப் போய்விடுவேன். கன்டெய்னர் ஆபீஸுக்குப் பின்னால் பழைய மெத்தைகளைப் போட்டு ஒத்திகை. மொத்தம் எட்டு எண்ணிக்கை. ஒன்றில் காலை முன்னால் வை, இரண்டில் கையை ஓங்கு, மூன்றில் அண்ணன் குனிவார், இப்படியே போய் ஏழில் முஷ்டி, எட்டில் அண்ணன் தரையில். படங்களை நிறுத்தி நிறுத்திப் பார்த்தே இவ்வளவையும் அமைத்திருந்தார்.

முதல் நாள் மாரிமுத்து கண்ணை இறுக்க மூடிக்கொண்டு குத்தினார். அண்ணனுடைய ஹெல்மெட் வேலிக்கு அந்தப் பக்கம் போய்விட்டது.

"கண்ணத் தொறடா!"

"பயமா இருக்குண்ணே."

"அடி வாங்கப்போறவன் நானு. உனக்கு என்ன பயம்?"

"அதான்ணே பயம்."

பத்து நாளில் தேறிவிட்டார்கள். முஷ்டிக்கும் கன்னத்துக்கும் நடுவே ஒரு கோப்பி டம்ளர் வைக்கலாம், ஆனால் எதிரே நின்று பார்த்தால் பல் உதிர்ந்துவிட்டது என்றே நினைப்பீர்கள். அண்ணன் விழுவது இருக்கிறதே, அந்தத் தொப்பை எப்படி அவ்வளவு லேசாகக் காற்றில் எழுந்தது என்று எனக்கு இன்றும் விளங்கவில்லை. விழும்போது உள்ளங்கையால் தரையை ஓங்கித் தட்டுவார், அந்தச் சத்தத்துக்கு நானே ஒவ்வொரு முறையும் ஓரடி பின்வாங்குவேன். எண்ணுவதை மட்டும் விடமாட்டேன்.

வெள்ளிக்கிழமை வந்தது. மிஸ்டர் டான் வெள்ளை ஹெல்மெட்டோடு முன்னால் நின்றார். அவர் பக்கத்தில் அந்த மின்னஞ்சல்காரர். என் பையில் கடிதம். அண்ணன் நாலு வார்த்தை பேசிவிட்டு மெத்தைக்கு முன்னால் போய் நின்றார். மாரிமுத்து எதிரே வந்தார். நான் எண்ண ஆரம்பித்தேன். ஒன்று, இரண்டு, மூன்று. நான்கு, ஐந்து, ஆறு. எல்லாம் கச்சிதம்.

ஏழு.

மாரிமுத்துவின் கை பாதி வழியில் நின்றுவிட்டது. முஷ்டி வரவில்லை. அப்படியே தொங்கவிட்டுவிட்டார். நான் நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் இரண்டு வாரமாகப் பழகிய வாய் கேட்கவில்லை. எட்டு என்று சொல்லிவிட்டேன்.

எட்டு என்றதும் அண்ணன் விழுந்தார். யாரும் தொடவில்லை, ஓங்கிய கைகூடக் கீழே தொங்கிக்கொண்டிருந்தது. அவர் முகம் தானாக ஒரு பக்கம் திரும்பியது, "ஹக்" என்று ஒரு சத்தம், இரண்டு காலும் தரையை விட்டுக் கிளம்பின, உடம்பு அரை வட்டம் அடித்துப் போய் விழுந்தது. பாதி மெத்தையில், பாதி சிமெண்ட் தரையில்.

அறுபது பேரும் வெடித்துச் சிரித்தார்கள். சீன போர்மேன் ஒரு டிரம்மைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மின்னஞ்சல்காரர்கூடச் சிரித்தார். மிஸ்டர் டான் மட்டும் சிரிக்கவில்லை. அண்ணன் எழுந்திருக்கவும் இல்லை. முட்டியைப் பிடித்துக்கொண்டு கிடந்தார். சிரிப்பு ஒவ்வொரு வரிசையாக அடங்கியது. மாரிமுத்து ஓடிப்போய்ப் பக்கத்தில் மண்டியிட்டார்.

மிஸ்டர் டான் மாரிமுத்துவைக் காட்டி என்னிடம், "ஏன் அடிக்கவில்லை என்று கேள்" என்றார். கேட்டேன்.

மாரிமுத்து அண்ணனுடைய முட்டியைப் பார்த்தபடியே சொன்னார். "காலையில லாரிய விட்டு எறங்கையில அண்ணன் முட்டியப் பிடிச்சுக்கிட்டே எறங்கினாருங்க மேடம். ரெண்டு வாரமா விழுந்து விழுந்து வலி போல. இன்னிக்கி ஒரு நாளு விழவேணாம்னு நெனச்சேன். நான் அடிக்காட்டி அவரு விழமாட்டாருல்லனு..."

"நெனச்சியா?" தரையிலிருந்து அண்ணன் கத்தினார். "நெனச்சா வாயத் தொறந்து சொல்லணும்டா! நீ மனசுக்குள்ளயே எரக்கப்பட்டா எனக்கு எப்படிடா தெரியும்?"

பிறகு மெல்ல எழுந்து உட்கார்ந்தார். மாரிமுத்துவின் தோளில் கையை ஊன்றிக்கொண்டார். "இல்ல, இவனச் சொல்லிக் குத்தமில்ல. நானும் இவன் மூஞ்சியப் பார்க்கல. எண்ணிக்கைய மட்டும் கேட்டுட்டு விழுந்துட்டேன்." கூட்டத்தைப் பார்த்தார். "கேட்டுக்கங்கப்பா. ரெண்டு பேரு சேர்ந்து ஒரு கம்பியத் தூக்குறீங்க. அந்தப் பக்கம் இருக்கிறவனுக்குக் கை வலிக்குமேன்னு நீ பாட்டுக்கு நின்னுட்டீன்னா அவன் கால்லதான் கம்பி விழும். நிறுத்துறதா இருந்தா, நிறுத்துறேன்னு கத்து. பாவமா இருந்தா, பாவமா இருக்குன்னு கத்து. கத்திட்டு அவன் மூஞ்சியப் பாரு. அவன் கேட்டுட்டான்னு தெரிஞ்சப்புறம் கைய எடு."

நான் அதை இங்கிலீஷில் சொன்னேன். போர்மேன் சீனத்தில் சொன்னார். ஒருவர் வங்காளத்தில் சொன்னார். நாலு மொழியிலும் யாரும் கொட்டாவி விடவில்லை.

மிஸ்டர் டான் மெத்தையின் ஓரம்வரை வந்தார். "அப்போ, நல்ல மனசாலதான் இந்த விபத்தா?" என்று இங்கிலீஷில் கேட்டார்.

"யெஸ் பாஸ்" என்றார் அண்ணன், உட்கார்ந்தபடியே. "மோஸ்ட்லி."

முதலாளி தன் வெள்ளை ஹெல்மெட்டைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். "டாக்டரிடம் முட்டியைக் காட்டுங்கள். திங்கட்கிழமை கூட்டத்தை நீங்களே நடத்துங்கள். படம் வேண்டாம்." இரண்டடி போனவர் திரும்பி மாரிமுத்துவைப் பார்த்தார். "இவரை இனிமேல் அடிக்கச் சொல்லாதீர்கள். இவரால் முடியாது."

கடிதத்தைப் பற்றி அவர் என்னிடம் கேட்கவே இல்லை.

கன்டெய்னர் ஆபீஸில் அண்ணனை உட்காரவைத்து, துண்டில் ஐஸ் கட்டி முட்டியில் வைத்தேன். இதற்குமேல் என்னால் அடக்க முடியவில்லை.

"அண்ணே, இன்னிக்கு சரியா வரலேன்னா உங்கள ஸ்டோருக்கு மாத்தறதா இருந்தாங்க. அந்த லெட்டர நான்தான் டைப் பண்ணேன். ரெண்டு வாரமா தெரியும். சொல்ல வாய் வரல."

அவர் ஐஸை நகர்த்தி வைத்துக்கொண்டார். "தெரியும்மா. பிரிண்டர்ல ஒரு காப்பிய விட்டுட்டுப் போயிட்ட. வேற யாரும் பார்க்கவேணாம்னு எடுத்து வச்சேன்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "தெரிஞ்சுமா ஒண்ணும் கேக்காம இருந்தீங்க?"

"நீயே அஞ்சு தடவை வந்து வந்து தவிச்சிட்டுப் போன. நான் வேற கேட்டு உன்ன எதுக்கு அழவைக்கணும்னு விட்டுட்டேன்."

"எரக்கப்பட்டா வாயத் தொறந்து சொல்லணும்னு இப்பதானே அறுபது பேர் முன்னாடி கத்தினீங்க?"

"அது சைட்டுல லா" என்றார். "இது ஆபீஸ்."

நான் அழுதுகொண்டே சிரித்தேன். அவர் முட்டி வலியிலும் சிரித்தார். கடிதத்தைப் பையிலிருந்து எடுத்து அவர் முன்னாலேயே கிழித்துப் போட்டேன்.

அந்தக் கம்பெனியை விட்டு நான் வந்து இரண்டு வருடம் ஆகிறது. நல்ல வேலை, ஏர்கான் அறை, யாரும் பவுடர் கொட்டிக்கொள்வதில்லை. அண்ணன் இப்போது வேறொரு சைட்டில் ஏழே முக்காலுக்கு நிற்கிறாராம், மாரிமுத்து போனில் சொன்னார். தீபாவளிக்கு வாழ்த்து அனுப்பிக்கொள்கிறோம். அதில் எல்லாம் உடம்பைப் பார்த்துக்கோங்க, அண்ணியைக் கேட்டதாகச் சொல்லுங்க என்றுதான் எழுதுகிறேன். ஐஸ் வைத்த அன்றைக்குச் சொல்லியிருக்க வேண்டிய ஒன்றை மட்டும் இதுவரை சொல்லவில்லை. அதை இங்கே, எத்தனை பேர் படித்தாலும் சரி என்று, சத்தமாகவே சொல்லிவிடுகிறேன்.

அண்ணே, நீங்கள் தரையிலிருந்து எழுந்திருக்காமல் கிடந்த அந்தக் கொஞ்ச நேரம் எனக்கு உயிரே இல்லை.